சீடர் 0, பியர் 3

டோரன்ட் ஸ்லோவாக இறங்குகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "அப்லோட் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்பதுதான். கேட்டவர் குழம்பிப் போவார். அவர் இறக்குவதைப் பற்றிக் கேட்கிறார், நான் ஏற்றுவதைப் பற்றிக் கேட்கிறேன். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் பாதிப் பேர் அப்லோடை ஒன்றோ இரண்டோ கேபியில் கட்டிப்போட்டிருப்பார்கள். லைன் முழுக்க நமக்கே கிடைக்கட்டும் என்ற கணக்கு. டோரன்டில் இந்தக் கணக்கு எடுபடாது.

பிராம் கோஹன் 2001இல் பிட்டோரன்டை வெளியிட்டபோது அவர் முன்னால் இருந்த பிரச்சினை மிகப் பழையது: எல்லோருக்கும் வாங்க ஆசை, கொடுக்க யாரும் இல்லை. அவர் யாருக்கும் நல்லொழுக்கம் போதிக்கவில்லை. மொய் நோட்டு ஒன்றை மென்பொருளுக்குள் வைத்தார், அவ்வளவுதான். கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு எழுதுவார்களே, அதே நோட்டு. உங்கள் கிளையன்ட் பத்து நொடிக்கு ஒருமுறை அதைப் புரட்டிப் பார்க்கிறது. யார் நமக்கு அதிகம் தருகிறார்களோ அந்தச் சிலருக்கு மட்டும் வாசலைத் திறந்து, மற்றவர்களுக்கு மூடிவிடுகிறது. நீங்கள் ஒரு கேபி தந்தால் ஒரு கேபிக்கான மரியாதைதான் திரும்ப வரும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. புதிதாக வருபவனிடம் கொடுக்க எதுவுமே இருக்காது. மொய்க் கணக்கை மட்டும் பார்த்தால் அவன் காலத்துக்கும் வாசலில்தான் நிற்க வேண்டும். அதனால் முப்பது நொடிக்கு ஒருமுறை, கணக்கே பார்க்காமல், யாரோ ஒருவருக்குச் சும்மா வாசல் திறக்கப்படுகிறது. அந்தத் தர்மத்தில்தான் புதியவன் தன் முதல் துண்டை வாங்குகிறான்.

சரி, அப்லோடை முழுசாகத் திறந்துவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. உங்களுக்கு வந்து சேரும் டேட்டாவுக்கெல்லாம் "கிடைத்தது" என்று ஒரு சின்னச் சீட்டு திரும்பிப் போக வேண்டும். அப்லோட் பாதை அடைத்துக்கொண்டால் அந்தச் சீட்டு வரிசையில் நிற்கும். அனுப்புகிறவன் சீட்டு வராமல் வேகத்தைக் குறைப்பான். அப்லோட் குறுகலான லைன்களில் இது அப்பட்டமாகத் தெரியும். லைனின் அப்லோடில் எண்பது சதவீதத்தை வரம்பாக வைப்பது பழைய கைவைத்தியம். இன்றைக்கும் வேலை செய்கிறது.

மற்றதெல்லாம் சில்லறை. கம்பெனி சொல்லும் 40 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, கிளையன்ட் காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 5 எம்பிதான், அது வந்தாலே லைன் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து சீடர் எத்தனை என்று பார்க்க வேண்டும். முழு ஃபைலையும் வைத்திருப்பவர்தான் சீடர். தமிழில் சீடர் என்றால் கற்றுக்கொள்ள வந்தவர். இங்கே தலைகீழ், சீடர்தான் குரு. அவர் ஒருவர்கூட இல்லாவிட்டால் எந்த செட்டிங்கை மாற்றியும் பிரயோஜனமில்லை.

இவ்வளவையும் பல வருடங்களாகப் பல பேருக்கு போனில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அந்தப் பக்கம் யாரோ ஒருவருக்கு ஒரு சினிமா சீக்கிரம் இறங்க வேண்டியிருக்கும். என் சித்தப்பா கேட்டபோது விஷயம் வேறு.

சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். எண்பதுகளில் சுற்றுவட்டாரத்தில் எங்கே அம்மன் கோவில் கொடை என்றாலும் சைக்கிளில் டேப்ரிக்கார்டரைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வில்லுப்பாட்டைப் பதிவுசெய்ய. அப்படிச் சேர்ந்ததில் பூஞ்சை பிடித்தது, நாடா அறுந்தது எல்லாம் போக 60 கேசட் மிஞ்சியது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல், மொத்தம் 38 ஜிபி. அவர் பதிவுகளில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுக்காரர் பாடியவை. அவர் இறந்து பல வருடமாகிவிட்டது. அவருடைய பேரன் கோவையில் சிசிடிவி கடை வைத்திருக்கிறான். "தாத்தா குரலை நான் கேட்டதே இல்ல சார்" என்று சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறான்.

டிரைவில் இலவச இடம் 15 ஜிபி. பிரவுசரில் ஏற்றினால் கரண்ட் போகும்போதெல்லாம் பாதியில் நிற்கும். "பேசாம ஒரு டிஸ்க்குல போட்டு கொரியர் பண்ணிருங்க சித்தப்பா" என்றேன். கொரியரில் அனுப்பிய ஒரு பொட்டலம் ஏற்கெனவே காணாமல் போன கதையை அவர் கால்மணி நேரம் சொன்னார். டோரன்ட் போடலாம் என்று முடிவானது. விட்ட இடத்தில் தொடரும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்து வாங்கும். ஃபைலை உருவாக்கியபோது ஒரு துண்டு 4 எம்பி, மொத்தம் 9,000 துண்டுக்குச் சற்று மேல் வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹேஷ், அதாவது கைரேகை மாதிரி ஒன்று, டோரன்ட் ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கும். வந்து சேர்ந்த துண்டின் ரேகை பொருந்தவில்லை என்றால் கிளையன்ட் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்கும்.

லிங்க்கை வாட்ஸப்பில் அனுப்பினார். பெங்களூரில் நான் திறந்தேன். பூச்சியம். ஒரு மணி நேரம் கழித்தும் பூச்சியம்.

"என்னடே, இங்கயும் பூச்சியம்னுதான் காட்டுது. கம்பெனிக்காரன் நடுவுல புடிச்சு வெச்சிருக்கானோ?"

இது நியாயமான சந்தேகம்தான். அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 2007இல் ராப் டோபோல்ஸ்கி என்பவர் நாலு பேர் சேர்ந்து பாடும் பழைய பார்பர்ஷாப் பாட்டுகளைப் பகிர முயன்றார். போகவே இல்லை. நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் "நான் முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் பாக்கெட்டுகள் வந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் அப்படி எதையும் அனுப்பவில்லை. நடுவில் இருந்த காம்காஸ்ட் நிறுவனம் இருவர் பெயரிலும் பொய்யாக அனுப்பிக்கொண்டிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் பைபிளை டோரன்டாகப் போட்டுச் சோதித்து இதை உறுதிசெய்தது. 2008இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் நிறுவனத்தைக் கண்டித்து உத்தரவு போட்டது. ஆணையத்துக்கு அந்த அதிகாரமில்லை என்று 2010இல் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. இணைய சமநிலை என்று இன்று நாம் பேசுவதில் ஒரு பெரிய பங்கு அந்தப் பழைய பாட்டுகளுக்கு உண்டு.

எங்கள் விஷயத்தில் அப்படி எந்த வில்லனும் இல்லை. சித்தப்பாவை ரவுட்டர் பக்கத்துக்குப் போகச் சொன்னேன்.

"வேன் ஐபின்னு ஒரு இடத்துல நம்பர் இருக்கும் பாருங்க சித்தப்பா. எதுல ஆரம்பிக்குது?"

"நூறு... புள்ளி... எழுவத்திரெண்டு..."

அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. என் ரவுட்டரையும் பார்த்தேன். அதுவும் 100தான்.

பழைய ஐபி முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. நம் பக்கத்துக்கான கையிருப்பு 2011லேயே அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அதனால் கம்பெனிகள் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடைத்துவைக்கின்றன. அந்த வீடுகளுக்குத் தரும் உள் முகவரிக்காக 100.64 முதல் 100.127 வரை 2012இல் தனியாக ஒதுக்கப்பட்டது. பெரிய அபார்ட்மென்டுக்கு ஒரே கதவு எண் இருப்பது மாதிரி. உள்ளே இருப்பவர் வெளியே யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். வெளியே இருந்து யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை, அதற்கு மேலே இன்னொரு பூட்டு இருக்கிறது.

வீடியோ பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, அவர்தானே எப்போதும் கூப்பிடுகிறவர். இணையத்தின் ஆரம்ப யோசனை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்றதைக் கூப்பிடலாம் என்பது. இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் வாங்க மட்டுமே முடிந்தவர்கள். சித்தப்பாவிடம் கொடுக்க 38 ஜிபி இருக்கிறது, வாங்க நான் இருக்கிறேன், இருவரும் பணம் கட்டுகிறோம். ஆனால் இரண்டு பேருமே கூப்பிட மட்டுமே முடிந்தவர்கள். அழைப்பை எடுக்க முடிந்தவர் யாருமில்லை.

இதற்குச் சரியான மருந்து ஐபிவி6. ஆளுக்கொரு முகவரி கிடைக்கும். சித்தப்பாவின் இணைப்பில் அது கிடைக்கவில்லை. நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் போதும் என்று தோன்றியபோது எனக்குப் பேரன் ஞாபகம் வந்தது. சிசிடிவி கடைக்காரர்கள் கேமராவை வெளியே இருந்து பார்க்க வேண்டுமென்பதால் பலர் ஸ்டாட்டிக் ஐபி வாங்கி வைத்திருப்பார்கள்.

"இருக்குண்ணே, கடையில இருக்கு. எந்த போர்ட் திறக்கணும் சொல்லுங்க" என்றான். போர்ட் ஃபார்வர்டிங் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவைப்படாத முதல் ஆள் அவன்தான்.

அவன் கிளையன்ட் ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் பச்சை அம்பு நகர்ந்தது. சித்தப்பா அவனைக் கூப்பிட்டார், நானும் அவனைக் கூப்பிட்டேன். அவர் அவனுக்குத் தந்த துண்டு அவனிடமிருந்து எனக்கு வந்தது. முதலில் நொடிக்கு 1 எம்பிதான். சித்தப்பாவின் லேப்டாப் இரண்டு சுவர் தாண்டி வைஃபையில் இருந்தது. ரவுட்டர் பக்கத்தில் கொண்டுபோய் கேபிள் செருகியதும் 4 எம்பி ஆனது. இரவு ஒன்பது மணி. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று படுக்கப் போகச் சொன்னேன். அவர் போகவில்லை.

பதினொன்றே கால் மணிக்கு நின்றது. கோவையில் 83 சதவீதம், என்னிடம் 81. சித்தப்பாவின் ஊரில் கரண்ட் போய்விட்டது. விடியற்காலை கரண்ட் வந்தபிறகு போன் செய்தார்.

"ஏடே, டிஸ்க்குல டக் டக்னு ஒரு சத்தம் கேக்குது. உள்ள இருக்கத காட்ட மாட்டேங்குது."

கேசட்டுகள் இல்லை. பூஞ்சை பிடித்தவற்றை ஏற்றி முடித்ததும் சித்தி எடுத்துப் போட்டிருந்தார். அந்த நேரத்தில் உலகத்திலேயே அந்தப் பாட்டுகள் மூன்று இடத்தில் இருந்தன: தட்டிக்கொண்டிருந்த ஒரு டிஸ்க்கில், கோவையில் 83 சதவீதம், பெங்களூரில் 81. ஒரே சீடர் இருக்கும்போது எல்லாத் துண்டும் சமமாக அரிது என்பதால் கிளையன்ட் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கும். ஆகவே எங்களிடம் இருந்தது முதல் ஐம்பது கேசட் அல்ல. அறுபது கேசட்டும் ஓட்டை ஓட்டையாக.

சித்தப்பா டவுனுக்கு பஸ் ஏறினார். கம்ப்யூட்டர் கடைப் பையன் இரண்டு நாள் வைத்திருந்து, படிக்க முடிந்ததையெல்லாம் ஒரு புது டிஸ்க்கில் எடுத்துக் கொடுத்தான். ஃபைல்கள் அளவில் சரியாகவே இருந்தன. உள்ளே என்ன போயிற்று என்பது கேட்டால் தெரியாது, அறுபது மணி நேரம் யார் கேட்பது? டோரன்டுக்குத் தெரியும். பழைய டோரன்டையே புது டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லி, 'ஃபோர்ஸ் ரீசெக்' கொடுக்கச் சொன்னேன். ஒன்பதாயிரம் ரேகையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு 19 துண்டு பொருந்தவில்லை என்றது.

அதன்பிறகு நடந்ததை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவின் கிளையன்ட் சீடராக இருந்தது, டவுன்லோட் நிலைக்கு மாறியது. அந்த 19 துண்டையும் கேட்டது. 16 எங்களிடம் இருந்தன, சில நொடிகளில் போய்விட்டன. தான் பாட்டுக்காரரின் பேரனுக்குக் கொடுத்ததைச் சித்தப்பா அவனிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நான் குடுத்தது எனக்கே வருதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மீதி மூன்று துண்டு யாரிடமும் இல்லை. மூன்றும் அடுத்தடுத்தவை, ஒரே கேசட். ஒரு துண்டுக்கு 24 நொடி வீதம் 72 நொடி. எந்த இடம் என்று சித்தப்பா போட்டுப் பார்த்தார். வாழி பாடுவதற்குச் சற்று முந்தைய இடம். "அந்த எடத்துல பாட்டு கெடையாது. உடுக்கும் கொடமும்தான் நிக்காம கேக்கும். யாரோ ஒரு கொழந்த அழுவும்" என்றார். இப்போது அங்கே நிசப்தம். பேரன் அந்தக் கேசட்டைத்தான் முதலில் கேட்டான் என்று பிறகு சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

விடுபட்டதை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு டோரன்ட் போடலாம், நூறு சதவீதம் காட்டும் என்று சொன்னேன். "இருக்கட்டும்டே, இல்லாதது இல்லன்னே காட்டட்டும்" என்றார் சித்தப்பா.

இப்போது மூன்று பேர் கம்ப்யூட்டரிலும் 99.9இல் நிற்கிறது. மென்பொருளின் கணக்கில் முழுசாக வைத்திருப்பவர் யாருமில்லை. சீடர் 0, பியர் 3. கோவையில் கடை பூட்டிய பிறகும் அந்த ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலாவதாக யாராவது வந்து இறக்கினால், மூன்று மணி நேரத்தில் 99.9 வந்து அப்படியே நிற்கும். அவர் போர்ட்டைப் பார்ப்பார், அப்லோட் வரம்பைப் பார்ப்பார், ரவுட்டரை அணைத்துப் போடுவார். அவருக்காக டோரன்டோடு பகிர்கிற குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: உங்கள் லைனில் கோளாறு ஒன்றுமில்லை, இவ்வளவுதான் இருக்கிறது, நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.