கூலி வேறு, ஈடு வேறு

வீட்டைச் சரிசெய்யக் கூப்பிட்ட ஆள் வீட்டைக் கெடுத்துவிட்டுப் போனால், அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான். "போனது போச்சு, விடுங்க. அவங்ககிட்டல்லாம் மல்லுக்கட்ட முடியுமா?" கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டின் மாடித் தளம் பெயர்ந்து கூடத்தில் விழுந்தபோது எனக்கும் இதையே சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள் மேல் பிரியம் உள்ளவர்கள். ஆனாலும் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்க மாட்டேன். கெட்டதற்கு ஈடு கேட்பது சண்டை ஆகாது. காசு வாங்கிக்கொண்டு ஒரு வேலையை ஒப்புக்கொண்டவருக்கு அவருடைய பொறுப்பை எடுத்துச் சொல்வது அது. யாரிடம் கேட்கிறோம், எதற்காகக் கேட்கிறோம் என்பதில் மட்டும் நிதானம் வேண்டும்.

எங்கள் வீடு மட்டப்பா வீடு. இன்ஜினியர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகச் சுவரில் ஏற்றி, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையால் ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனமான படுகை. அதன் மேல் தட்டோடு. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. ஒரு கல் அடுத்த கல்லை நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் தளம் நிற்கிறது. நூறு வருஷம் தாங்கக்கூடிய அமைப்பு இது. ஆனால் அதிர்ச்சி ஆகாது. பிணைப்பு ஓரிடத்தில் விட்டுப்போனால் பக்கத்துக் கல்லுக்கும் பிடிமானம் போய்விடும்.

ஐப்பசி மழையில் கூடத்தின் ஒரு மூலையில் ஓதம் இறங்கியது. தட்டோடுகளின் சந்துகள் விட்டிருந்தன. ஊரில் பல வீடுகளுக்கு வேலை செய்த ஒரு காண்டிராக்டரை அழைத்தோம். வந்து பார்த்தார், அளந்தார், லெட்டர் பேடில் கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். பழைய தட்டோட்டை எடுத்துவிட்டு, மேலே நாலு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டு, அதன் மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டுவது என்று ஏற்பாடு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, முன்பணத்தை அவர் வங்கிக் கணக்கில் போட்டோம்.

மாடியில் பிரேக்கர் மிஷின் ஓடத் தொடங்கியபோது நான் சமையலறையில் இருந்தேன். பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கின. அம்மா கூடத்து ஊஞ்சலில் இருந்து எழுந்து, சத்தம் தாங்காமல் என்னிடம் வந்தாள். சற்று நேரத்தில் கூடத்தின் மேல் பூச்சு பெயர்ந்தது. பிறகு செங்கற்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வானம் தெரிந்தது. ஊஞ்சல் பலகை நடுவில் விரிந்திருந்தது. கால்பட்டுக் கால்பட்டு மெருகேறிய சிவப்பு ஆக்சைடு தரையில் இருபது முப்பது இடங்களில் பொத்தல். அம்மா இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கைகால் சில்லிடும்.

அந்த நேரத்தில் யாரையும் திட்டுவதில் பயன் இல்லை. வேலையை நிறுத்தச் சொன்னோம். கீழே இருந்தவர்களை வெளியே அனுப்பினோம். சவுக்குக் கட்டைகள் வரவழைத்து, மிஞ்சியிருந்த தளத்துக்கு முட்டுக் கொடுத்தோம். மேலே தார்ப்பாய் கட்டினோம். இதற்கெல்லாம் கொடுத்த பணத்துக்குச் சீட்டு வாங்கி வைத்தோம். "அவன் பண்ணினதுக்கு அவனே வந்து தார்ப்பாய் போடட்டும், நீ ஏன் காசைப் போடறே?" என்று ஒன்றுவிட்ட அண்ணன் கேட்டார். மழை யாருக்காகவும் காத்திருக்காது. அதோடு, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் நஷ்டஈட்டைப் பற்றிப் பேசும் 73-ஆம் பிரிவு, பாதிப்பைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தடுத்திருக்கக்கூடிய சேதத்தை வேண்டுமென்றே வளரவிட்டு, அதற்கும் சேர்த்து ஈடு கேட்க முடியாது. கேட்பது நியாயமும் இல்லை.

இடிபாட்டை அள்ளுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்தோம். விழுந்த இடத்தில் அளவு டேப்பை வைத்து, கட்டைகளின் முனைகளைத் தனித்தனியாக, உடைந்த தரையை ஒவ்வொரு பொத்தலாக. காண்டிராக்டரின் ஆட்கள் அன்று மாலையே குப்பையை வாரிவிடத் துடித்தார்கள். வேண்டாம் என்று தடுத்தேன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற, பழைய கட்டடங்களைப் பராமரித்துப் பழகிய ஓர் இன்ஜினியர் வந்து பார்த்து, எதனால் விழுந்தது, எப்படிச் சரிசெய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வாயால் சொல்லும் நூறு நியாயங்களை விட அந்த ஒரு தாள் பின்னால் அதிகம் பேசியது.

அவர் இன்னொன்றும் சொன்னார். மிஷின் ஓடாமல் இருந்திருந்தாலும் அந்தக் கொட்டேஷன்படி வேலை முடிந்திருந்தால் தளம் கெட்டுத்தான் போயிருக்கும். நூறு சதுர அடியில் நாலு அங்குலக் கான்கிரீட் என்பது ஏறக்குறைய இரண்டே கால் டன் எடை. சுண்ணாம்புப் படுகைக்குள் போகும் ஈரம் மெல்ல வெளியேறிவிடும். அதன் மேல் சிமென்ட்டைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனைகளை அரிக்கும். வெளியே பார்த்தால் டைல்ஸ் பளபளக்கும். உள்ளே கட்டை மக்கிக்கொண்டிருக்கும். காவிரிக் கரை ஊர்களில் எத்தனையோ மட்டப்பா வீடுகள் இப்படித்தான் இடிக்கும் நிலைக்கு வந்து நிற்கின்றன என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

காண்டிராக்டர் மறுநாள் வந்தார். "பழைய வீடு மேடம், என்னைக்கா இருந்தாலும் விழ வேண்டியதுதான். எங்க நேரம், எங்க கையில விழுந்துடுச்சு" என்றார். நான் கணக்கைப் பேச ஆரம்பித்ததும், "சார் யாராச்சும் இருந்தா கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். வீட்டுப் பத்திரம் அம்மா பேரில், பணம் போனது என் கணக்கில் இருந்து, பேச வேண்டியது என்னிடம்தான் என்று சொன்ன பிறகு உட்கார்ந்தார்.

பழைய வீடு என்ற வாதத்தை நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. இரண்டு கட்டைகளின் முனைகள் ஏற்கெனவே செல்லரித்திருந்தன. அதற்கு அவர் காரணம் இல்லை. அந்த இரண்டு கட்டைகளின் விலையை எங்கள் கோரிக்கையில் இருந்து நாங்களே எடுத்துவிட்டோம். அவருடைய செலவில் என் வீட்டைப் புதிதாக்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் வீடு பழையது என்பது அவருக்கு விழுந்த பிறகு தெரிந்த செய்தியா? அளக்க வந்த அன்றே தெரியும். பழைய தளம் என்று தெரிந்துதான் ரேட் பேசினார். தெரிந்த பிறகும் மிஷினை ஏற்றியது அவருடைய முடிவு. வேலை தெரிந்தவர் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர், எதன் மேல் கை வைக்கிறோம் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். இந்த இடத்தில் நான் கொஞ்சமும் இறங்கிப் போகவில்லை.

அடுத்து வந்தது சனிக்கிழமை. கட்டட வேலையில் சனிக்கிழமை சம்பள நாள். மீதிப் பணத்தில் ஒரு பைசாவும் கொடுக்காதே என்று உறவுகள் எல்லாரும் சொன்னார்கள். காண்டிராக்டரோ, "நீங்க பணம் தரலேன்னா ஆளுங்களுக்கு நான் எங்கேருந்து கொடுப்பேன்?" என்று அவர்களைக் காட்டியே கேட்டார். திண்ணையில் மேஸ்திரியும் இரண்டு சித்தாள் பெண்களும் மிஷின் பிடித்த பையனும் உட்கார்ந்திருந்தார்கள். தளம் விழுந்தபோது மேலே நின்றிருந்தவர்கள் அவர்கள். உள்ளே விழுந்திருந்தால் போயிருக்கக்கூடிய உயிர்கள் அவர்களுடையவை.

மேஸ்திரி என்னிடம் தனியாக வந்தார். "கையுளியால மெதுவா எடுத்துடலாம்னுதான் நான் சொன்னேம்மா. நாள் கூடும்னு அவரு மிஷினை வாடகைக்குக் கொண்டாந்துட்டாரு" என்றார். இதை எழுதிக் கொடுங்கள் என்று அவரை நான் கேட்கவில்லை. அவருக்கு நாளைக்கும் அதே ஆளிடம்தான் வேலை. அன்று காண்டிராக்டரை உட்கார வைத்துக்கொண்டு, அந்த வாரக் கூலியை ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுத்தேன். கொடுத்த தொகையை எழுதி, அவருக்குத் தரவேண்டிய மீதியில் கழித்துக்கொள்வதாக அவரிடமே கையெழுத்து வாங்கினேன். சேதத்துக்கு ஈடு கேட்கிறோம் என்ற பெயரில் பாண்டு சுமந்தவளின் அன்றாடக் கூலியைப் பிடித்து வைப்பது நம் ஊரில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. அது அநியாயம். முடிவெடுத்தவரிடம் நஷ்டத்தைக் கேட்க வேண்டும். உழைத்தவருக்கு அன்றைய கூலி அன்றே போய்விட வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. இது கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்ட உரிமையியல் விவகாரம். இதற்கு வேறு இடம் இருக்கிறது. வீடு கட்டிக் கொடுப்பதும் சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றம் கேட்கலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2020-இல் நடப்புக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் கட்டுமானப் பணி சேவையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பாதிப்பு ஏற்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு போட வேண்டும். வேலைக்காகக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் நுகர்வோர் உதவி மையத்தில் வழி சொல்வார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தனிப்பட்ட பணியாளாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை இந்தச் சட்டம் சேவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் வேலையை மொத்தமாகப் பேசி ஒருவர் பொறுப்பில் விட்டோம் என்பதைக் காட்டும் தாளோ செய்தியோ கையில் இருப்பது முக்கியம். எங்களிடம் கொட்டேஷன் இருந்தது, பணம் போன வங்கிப் பதிவு இருந்தது.

இன்ஜினியரின் தாளை இணைத்து, என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறோம், எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று கடுமையான சொல் ஒன்றும் இல்லாமல் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்த வாரத்திலேயே அவரும் வந்துவிட்டார். பேச்சு இழுத்துப் பிடித்து நடந்தது. கடைசியில் தனக்கு வரவேண்டிய மீதியை விட்டுக்கொடுத்து, தளத்தைத் திரும்பப் போடும் கூலியில் பாதியைத் தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு முடித்தோம். நாங்கள் கேட்ட முழுத் தொகை அது அல்ல. வருஷக்கணக்கில் அலைவதற்குப் பதில் மழைக்கு முன்னால் கூரை வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். வேறொரு வீட்டில் வேறு முடிவு சரியாக இருக்கலாம். சொன்னபடி அவர் தவணைகளைக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தளத்தைச் சுண்ணாம்பிலேயே திரும்பப் போட்டோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் ஜல்லிப் படுகையை நாள் முழுக்க அடித்தார்கள். அடிக்கிற கட்டை எகிறித் திரும்பும் வரைக்கும் அடிக்க வேண்டுமாம். "கட்டை தானா துள்ளணும் தாயி, அப்பதான் தளம் ஆச்சுன்னு அர்த்தம்" என்றார் பெரியவர். இந்த வேலைக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 3036 என்று தனி விதிமுறையே வைத்திருக்கிறது. ஆனால் கொட்டேஷன் கொடுக்கிறவர்களில் அதைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

ஊஞ்சல் பலகையைத் தச்சர் சேர்த்துக் கொடுத்துவிட்டார். தரை மட்டும் சேரவில்லை. புது ஆக்சைடு பழைய நிறத்துக்கு வரவே வராது. அதற்கென்று கோரிக்கையில் ஒரு தொகை எழுதினேன். அம்மாவுக்கு அந்தத் தொகையால் ஆறுதல் எதுவும் இல்லை.

மட்டப்பா வீட்டில் குடியிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தளம் ஒழுகினால் முதலில் சுண்ணாம்பு தெரிந்த ஒரு கொத்தனாரையோ பழைய கட்டடம் தெரிந்த ஓர் இன்ஜினியரையோ அழைத்துக் காட்டுங்கள். எந்தக் கருவியால் எடுப்பார்கள் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மிஷினை மாடிக்கு ஏற்ற விடாதீர்கள்.