எழுத்துக்கு ஒரு பாட்டு

1935ஆம் ஆண்டு மேஜர் போவ்ஸ் நடத்திய அமெரிக்க வானொலி அரங்கில், அக்காலத்தில் எவரும் அறியாத இளைஞராயிருந்த பிராங்க் சினாட்ரா தம் நண்பர் குழுவுடன் பாடி வெற்றி பெற்ற விருத்தாந்தத்தை அண்மையில் வாசித்தபோது, என் சித்தம் சென்று நின்ற இடம் எங்கள் வீட்டு விறாந்தையே. பலமிழந்த பற்றரிகளை முற்றத்து வெயிலில் காயவைத்து, அந்தியில் அவற்றை றேடியோவிலிட்டு, இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சிக்காக நாங்கள் காத்திருந்த காலம் அது. அவர் ஓர் எழுத்தை உச்சரித்த மாத்திரத்தில், மேடையில் நின்ற சாதாரண ரசிகர் அவ்வெழுத்தில் தொடங்கும் பாடலைத் தேடித் தவிப்பதும், அதற்குள் குசினியிலிருந்து ஆச்சி, அகப்பையும் கையுமாக வந்து, ஒரு பாடலைப் பாடிவிட்டு, “உவனுக்கு இதுவும் தெரியேல்லையே!” என்று அங்கலாய்ப்பதும் எங்கள் வீட்டில் வழமையான காட்சிகள். (சங்கீத ஞானத்தைக் காட்டிலும் ஞாபகசக்திக்கே அங்கு மகிமை அதிகம் என்பது என் அபிப்பிராயம், ஆச்சிக்குச் சுருதி சேர்ந்ததே இல்லை.)

பின்னர் அந்நிகழ்ச்சி தமிழகத் தொலைக்காட்சிக்கும் சென்றது. 2023 டிசம்பரில், சீ தமிழின் ‘சரிகமப’ சிறுவர் மேடையில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா வெற்றியீட்டிய இரவில், அயலில் கேட்ட வெடிச் சத்தத்தினிடையே ஆச்சியை நினைத்துக்கொண்டேன். இருந்திருந்தால், அப்பிள்ளையிடமும் ஏதேனும் ஒரு பிழை கண்டிருப்பார்.