டீசல் காரா, பெட்ரோல் காரா?

டீசல் விலை குறைவு, அதனால் டீசல் கார்தான் லாபம் என்று நம்மில் பலருக்கும் ஓர் எண்ணம். என் கணவருக்கும் அப்படித்தான். "அண்ணா டீசல்தானே வச்சிருக்கார்!" என்றார். அண்ணா வியாபார விஷயமாக மாதம் 3,000 கிலோமீட்டர் அலைபவர். நமக்கோ ஆபீஸ், மார்க்கெட், கோயில் எல்லாம் சேர்த்தே 400-ஐத் தாண்டாது.

பால் கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தேன். லிட்டருக்குப் பெட்ரோல் கார் 16, டீசல் கார் 20 கிலோமீட்டர் ஓடினால், மாதம் 25 லிட்டர் பெட்ரோல் அல்லது 20 லிட்டர் டீசல். லிட்டர் 101, 92 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 685 ரூபாய். டீசல் காருக்குக் கூடுதலாகக் கேட்ட ஒரு லட்சத்தை மீட்க 12 வருஷம் ஆகும்! அது பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணமாச்சே! கணக்கைப் பார்த்ததும் இவரும் பெட்ரோலுக்குச் சம்மதித்துவிட்டார்.

இன்னொன்று. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதிக்குப் பிறகு, டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. கிட்டத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும்.

தினமும் வெளியூர் போகிறவர்களுக்கு டீசல் கட்டுப்படியாகலாம். சகோதரிகளே, கடைக்காரரிடம் போவதற்கு முன் உங்கள் வீட்டுக் கார் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எழுதிப் பாருங்கள்.