எழுபத்து மூன்று போதும்!

நாஞ்சில் நாட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை கட்டாயம் போய் வாருங்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆடி மாதத்தில் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றே உங்களை எதிர்கொண்டு அழைக்கும். வயலும் குளமும் தென்னந்தோப்புமாகப் பார்த்துக்கொண்டே நாகர்கோவில் மணிமேடைக்கு வந்து சேருவீர்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே நிற்பதில்லை. சுசீந்திரத்து அனுமாரைச் சேவித்துவிட்டுக் குமரி முனையில் சூரியோதயம் பார்க்க ஓடிவிடுகிறார்கள். நீங்கள் சற்று நில்லுங்கள்.

மணிமேடைக் கடிகாரம் 1893-ல் ஓட ஆரம்பித்தது. அதை அண்ணாந்து பார்த்தபடி, கூட வந்திருக்கும் குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "பன்னிரண்டு மணி நேரத்தில் பெரிய முள் சின்ன முள்ளை எத்தனை தடவை தாண்டும்?" குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் "பன்னிரண்டு" என்பார்கள். விடை பதினொன்றுதான். பெரிய முள் பன்னிரண்டு சுற்று சுற்றுவதற்குள் சின்ன முள்ளும் ஒரு சுற்று நகர்ந்துவிடுகிறதல்லவா? அந்த ஒன்றைக் கழிக்க மறந்துவிடுகிறோம். விடுகணக்கின் சூட்சுமமே இதுதான். விடை சொல்வது பெரிதல்ல, "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவேண்டும்.

அந்த "ஏன்" என்ற கேள்வியை உலகமே மெச்சும்படி கேட்ட ஒருவர் இதே ஊரில் படித்திருக்கிறார். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் அதே 1893-ல் கல்லூரியானதுதான். அங்கே இன்டர்மீடியட் வகுப்பில் வந்து சேர்ந்தார், செங்கோட்டையை அடுத்த வல்லத்துப் பையன் ஒருவர். எஸ். எஸ். பிள்ளை, அதாவது சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901-ல் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் தகப்பனாரையும் இழந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்க வேண்டியது. ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால் நிற்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து சென்னை, பிறகு சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை சர்வகலாசாலை என்று கணிதம் அவரை அழைத்துக்கொண்டே போயிற்று.

அப்படி அவர் என்னதான் கண்டுபிடித்தார்? பயப்படாதீர்கள்! வடசேரிச் சந்தையில் தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு அதுவும் புரியும்.

ஒரு விசித்திரமான வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் தேங்காய் ஒற்றையாகக் கிடைக்கும். மூட்டையாக வாங்கினால் 64. இரண்டை ஆறு தடவை எழுதிப் பெருக்கினால் வருவது. வண்டியாக வாங்கினால் 729. மூன்றை ஆறு தடவை பெருக்கினால் வருவது. அதற்கு மேல் நான்கை அப்படிப் பெருக்கி 4,096, ஐந்தைப் பெருக்கி 15,625 என்று போய்க்கொண்டே இருக்கும். எதையும் பிரித்துத் தரமாட்டார்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு 703 தேங்காய் வேண்டும். வண்டி வாங்கினால் அதிகமாகிவிடும். பத்து மூட்டை வாங்கினால் 640. பதினோராவது மூட்டை வாங்கினாலோ 704! ஒன்று கூடிவிடுகிறது. ஆகவே மீதி 63-ஐயும் ஒற்றை ஒற்றையாகத்தான் பொறுக்க வேண்டும். ஆக, பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று உருப்படி. இதைவிடக் குறைக்க வழியில்லை.

இதுவரை நீங்களே போட்டுவிட்டீர்கள். இனிமேல்தான் விஷயம். லட்சம் கேட்டாலும் கோடி கேட்டாலும் இந்த 73 உருப்படிக்குள் அடங்குமா? ஆயிரம் எண்களைப் போட்டுப் பார்த்து "அடங்கும்" என்று சொன்னால் கணித சாஸ்திரம் ஒப்புக்கொள்ளாது. எண்களுக்குத்தான் முடிவே இல்லையே! ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் நிரூபித்தாக வேண்டும். இந்த ரகக் கேள்வியை 1770-ல் கிளப்பிவிட்டவர் எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயர். ஆறு தடவைப் பெருக்கலுக்கு 73 போதும் என்று 1940-ல் நிரூபித்தவர் நம்முடைய பிள்ளை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதைவிடச் சின்னதாகத் தோன்றும் கணக்குகள் அவருக்குப் பிறகுதான் தீர்ந்தன. ஐந்து தடவைப் பெருக்கலுக்கு 37 போதும் என்று சீனாவின் சென் ஜிங்ருன் 1964-ல் காட்டினார். நான்கு தடவைக்கு 19 போதும் என்பது 1986-ல்தான் முடிவாயிற்று. முடித்த மூவரில் ஒருவர் ஆர். பாலசுப்பிரமணியன் என்ற இந்தியர்.

பிள்ளை இவற்றைப் பார்க்க இருக்கவில்லை. 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம் அவரை ஒரு வருஷம் வந்து தங்கும்படி அழைத்தது. உலகக் கணித மகாநாடும் அமெரிக்காவில் கூடியிருந்தது. புறப்பட்டுப் போனார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி கெய்ரோவை விட்டுக் கிளம்பிய விமானம் எகிப்தின் பாலைவனத்தில் விழுந்தது. விமானத்திலிருந்த ஐம்பத்தைந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பதுதான். இன்னும் எத்தனை முடிச்சுகளை அவிழ்த்திருப்பாரோ!

ஆகவே, நாகர்கோவில் போனால் அந்தக் கல்லூரி இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஏழைப் பையன் ஒருவனின் படிப்பு நடுவில் நின்றுபோகாமல் யாரோ பார்த்துக்கொண்டதன் பலனை அங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ரயிலில் திரும்பும்போது குழந்தைகள் சும்மா இருக்க வேண்டாம். மூன்று தடவைப் பெருக்கலில் 1, 8, 27, 64, 125, 216 என்று எண்கள் வரும். 23-ஐ இவற்றால் கூட்டிக் காட்ட ஒன்பது உருப்படி வேண்டும்: இரண்டு எட்டு, ஏழு ஒன்று. ஒன்பது தேவைப்படும் எண் உலகத்தில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது 230-க்கும் 240-க்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்துவிட்டால் "சபாஷ்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். "ஏன்?" என்றும் கேளுங்கள்!