ஆழமில்லாத கடலின் பாடு

திருகோணமலை என்றதும் எல்லோரும் ஆழத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு, 500 மீற்றர் அகலமான வாயில், எந்தப் பருவத்திலும் பெருங்கப்பல் நுழையக்கூடிய இயற்கைத் துறைமுகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி வந்து சண்டை பிடித்தது இந்த ஆழத்துக்காகத்தான். கொட்டியார்க் குடாவிலிருந்து வெளிக்கடலை நோக்கி ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்கிப் போகிறது. நீலத்திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரர் படகேறுவதும் அதன் புண்ணியத்தில்தான்.

இந்த மாவட்டத்தின் பழைய தொழில் ஒன்றுக்கு அந்த ஆழம் ஒரு சதத்துக்கும் உதவாது. கரைவலைக்கு வேண்டியது ஆழமில்லாத, கல்லில்லாத, மணல் படிந்த கடல். அப்படிப்பட்ட கடல் கோட்டை முனையைக் கடந்து வடக்கே போனால் கிடைக்கும். திருக்கடலூரில் தொடங்கி உப்புவெளி, சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று மணற்கரை நீண்டுகொண்டே போகிறது.

அங்கே போகுமுன் சீனக்குடாப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வருவது நல்லது. கைத்தொழில் நகரம் என்று திருகோணமலையைச் சொல்பவர்கள் காட்டுவது அந்தக் கரையைத்தான். 1980 முதல் ஓடும் பிறிமா மாவு ஆலையின் கோபுரங்கள் தூரத்திலேயே தெரியும். சீமெந்து ஆலையும் குடாவின் ஓரத்திலேயே நிற்கிறது. கொட்பேயில் பலநாட் கலங்கள் தரிக்கும் மீன்பிடித் துறைமுகம். இவற்றுக்குப் பின்னால் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது ஒரு தாங்கி எரிந்து போனது. இன்று எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம். 2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டன. நாடுகளும் நிறுவனங்களும் கணக்கெடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளும் கரை இது.

இதே கரையில் வேறொரு கணக்கும் ஒரு காலத்தில் நடந்தது. சீனக்குடாவுக்கு மேற்கே உள்ள தம்பலகாமக் குடாவை ஆங்கிலேயர் ஏரி என்றே எழுதி வைத்தார்கள். கடலோடு ஒடுங்கிய வாயால் மட்டும் தொடர்புள்ள நீர்நிலை என்பதால் அப்படி எழுதியதில் பெரிய தவறில்லை. அதன் சேற்றில் தட்டையான, ஒளி ஊடுருவும் ஒருவகைச் சிப்பி விளைந்தது. கோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதிக்கும் அதே இனம். இங்கே அதன் ஓட்டைவிட உள்ளே கிடைத்த பொடி முத்துக்குத்தான் மதிப்பு. அந்த முத்துகள் இந்தியாவுக்குப் போய், சுட்டுச் சுண்ணாம்பாகி, பணக்காரர் வெற்றிலையில் ஏறின. சிப்பி குளிக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. 1850களில் கெலார்ட் என்ற இயற்கையியலாளரும், 1900களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னலும் இந்தச் சிப்பியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். குளித்து எடுத்தவர்களின் பெயர் எந்த அறிக்கையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

கரைவலைக்காரரின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அவர்கள் இன்னும் கரையில் நிற்கிறார்கள், போய்ப் பார்க்கலாம்.

விடியுமுன் நிலாவெளிப் பக்கம் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது மண்டாடி. வலையை எப்போது, எந்த இடத்தில் விடுவது என்று தீர்மானிப்பவர் அவர். கடலைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார். நீரின் நிறம் ஓரிடத்தில் கறுத்துத் தெரிகிறதா, பறவை எங்கே விழுகிறது, நீரோட்டம் வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா என்பதெல்லாம் அவருடைய கணக்கு. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே தண்ணீர். "அந்தா, அங்க பாருங்க தம்பி, தெரியுதா?" என்று கையை நீட்டினால் தலையாட்டத்தான் முடிகிறது.

அவர் சொன்னதும் வள்ளம் இறங்கும். கயிற்றின் ஒரு நுனி கரையில் ஒரு குழுவின் கையில் இருக்கும். இந்தக் கயிற்றைக் கம்பா என்பார்கள். முன்பு தென்னந்தும்பில் திரித்தது, இப்போது பெரும்பாலும் நைலோன். வள்ளம் கம்பாவை விட்டுக்கொண்டே நேரே வெளியே போகும். பிறகு கரைக்கு இணையாகத் திரும்பி வலையின் ஒரு கையையும், நடுவில் மடியையும், மறு கையையும் இறக்கும். கடைசியில் அடுத்த கம்பாவை விட்டபடி, புறப்பட்ட இடத்திலிருந்து பல நூறு மீற்றர் தள்ளிக் கரையேறும். கடலில் அரைவட்டம் ஒன்று போட்டாகிவிட்டது. இனி அந்த அரைவட்டத்தைக் கரைக்கு இழுக்க வேண்டும்.

இந்த வலையின் சூட்சுமத்தைச் சொல்லாமல் போக முடியாது. கரைக்கு அண்மையில் வரும் கைப்பகுதியின் கண்கள் மிகப் பெரியவை. மீன் நினைத்தால் எந்த நேரமும் வெளியே போகலாம், ஆனால் போகாது. இரு பக்கமும் நகர்ந்து வரும் கயிற்றின் அதிர்வும் கலங்கிய மணலும் அதற்குச் சுவராகத் தெரிகின்றன. அது விலகி விலகி நடுவுக்கு ஒதுங்கும். மடியை நெருங்க நெருங்க வலைக்கண் சிறுக்கும், மடியில் நெத்தலியும் தப்பாத அளவு. மீனைப் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கை மீனின் பயமே செய்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் எந்தக் கரையைச் சேர்ந்தவரோ, தமிழ்நாட்டிலும் கரைவலை இருக்கிறது, கேரளத்தில் கம்பவலை என்கிறார்கள், சிங்களத்தில் மாதெல். ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலும் இதே இழுப்புத்தான்.

இழுப்பு இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். இரு குழுக்களும் கம்பாவைப் பிடித்துப் பின்னோக்கி நடக்கின்றன. மேட்டுக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு நீர் விளிம்புக்கு ஓடி, திரும்பவும் முன்னால் பிடிக்கிறார். இடுப்பில் கட்டிய சிறு கயிற்றைக் கம்பாவில் கொளுவி உடம்பின் பாரம் முழுவதையும் கொடுக்கிறார்கள். ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருப்பார். இரு குழுக்களும் மெல்ல மெல்ல ஒன்றை ஒன்று நோக்கி நகர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி கோணும், மீன் போய்விடும். மடியோடு ஒருவர் நீந்தி வருவார். வலை கல்லில் சிக்கினால் முக்குளித்து விடுவிப்பதும், எந்தப் பக்கம் தளர்த்த வேண்டும் என்று கத்துவதும் அவர் வேலை. நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்கு நேரே பவளப்பாறை உள்ள பகுதிகளில் வலை வளைக்க முடியாதது இதனால்தான். அங்கே போனால் வலைதான் கிழியும்.

முன்பு இந்த இழுப்புக்கு அம்பாப் பாடல் இருந்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுப்பின் தாளத்தில் வாங்கிப் பாடுவார்கள். கடலும் பாட்டில் வரும், கந்தசாமியும் வருவார், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் குத்தும் கேலியும் வரும். ஈழத்து நாட்டார் பாடல் தொகுப்புகளில் அம்பாவுக்குத் தனி இடம் உண்டு. இன்று கரையில் கேட்பது பெரும்பாலும் உழவு இயந்திரத்தின் உறுமல். அதன் பின்னால் பொருத்திய வின்ச் கம்பாவைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. முப்பது நாற்பது பேர் நின்ற இடத்தில் பாதிப் பேர் போதும்.

இயந்திரம் வந்ததைப் பற்றி வடக்கிலும் கிழக்கிலும் பல வருடமாக வாக்குவாதம் நடக்கிறது. வேகமாகவும் இறுக்கமாகவும் இழுப்பதால் கடலடி உழப்படுகிறது, குஞ்சு குருமான் எல்லாம் வாரப்படுகிறது, கூலிக்காரர் வேலை போகிறது என்பது ஒரு தரப்பு. இழுக்க ஆள் எங்கே இருக்கிறது என்பது மறு தரப்பு. இரண்டுமே உண்மைதான். கயிறு இழுத்தவரின் மகன் கட்டாருக்குப் போய்விட்டான், இல்லையேல் உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் நிற்கிறான். அவனைத் திரும்பக் கூப்பிட்டு இடுப்பில் கயிறு கட்டச் சொல்ல யாருக்கும் மனமில்லை, அவனுடைய தகப்பனுக்கே மனமில்லை. என் பார்வையில் இயந்திரத்தைத் திட்டுவது சுலபம். அதற்கான டீசல் பொதுச் செலவில் ஏறும்போது கையால் இழுப்பவரின் பங்கு என்ன ஆகிறது என்று கேட்பதுதான் கடினம்.

பங்குமுறை பழையது. மீன் விற்ற காசில் எரிபொருள், சாப்பாடு போன்ற செலவுகளை முதலில் கழிப்பார்கள். மிஞ்சியது சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் பிரியும். வலை, வள்ளம், பாடு எல்லாம் சம்மாட்டியுடையவை. அவர் பங்கும் அதற்கேற்றபடி பெரிது. தொழிலாளர் பங்கிலும் மண்டாடிக்குக் கூட, சும்மா இழுப்பவருக்குக் குறைவு. மீன் படாத நாளில் எல்லோருக்கும் சமமாக ஒன்றுமில்லை. பருவம் தொடங்குமுன் வாங்கிய முற்பணம் மட்டும் அப்படியே கணக்கில் நிற்கும். கரைவலைத் தொழிலாளி ஒரு சம்மாட்டியை விட்டு இன்னொருவரிடம் போகாமல் இருப்பதற்கு விசுவாசத்தைவிட இந்த முற்பணமே பெரிய காரணம்.

பாடு என்பது ஒரு வலை வளைக்கக் குறித்த கரைத்துண்டு. மீன்பிடித் திணைக்களத்தில் பதிவு உண்டு. ஒரே பாட்டில் இரண்டு வலை இருந்தால் முறை வைத்துத்தான் விட வேண்டும். காணி உறுதிபோல இது தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. ஆனால் காணியைப்போல வேலி கிடையாது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் கடலைப் பார்த்து நாற்காலி போடுவது இந்தத் துண்டுகளின் மேல்தான். உல்லாசப் பயணிகள் வரும் காலமும் கரைவலைக் காலமும் ஒன்றே. வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அடங்கும் பங்குனி தொட்டுப் புரட்டாதி வரை இரண்டு பேருக்கும் அதே மணல் வேண்டும். வள்ளம் ஏற்றி வைக்கவும், வலை உலர்த்தவும், கருவாடு போடவும் இடம் ஒடுங்கிக்கொண்டே போகிறது.

கடல் பக்கத்திலும் நிம்மதி இல்லை. கரைக்கு வரவேண்டிய சூடையையும் கும்பளாவையும் வெளியிலேயே சுருக்கு வலை வளைத்துவிடுகிறது என்பது இவர்களின் நீண்ட நாள் முறைப்பாடு. சுருக்கு வலைக்குத் தூரக் கட்டுப்பாடு உண்டு. அதை மீறுவதாகக் குற்றச்சாட்டும், கைதும், ஆர்ப்பாட்டமும் திருகோணமலைச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. சுருக்கு வலைக்காரரும் ஏழை மீனவரே என்பதால் இது கடற்கரைக்குள் நடக்கும் சண்டையாகவே முடிகிறது.

போர்க்காலத்தில் கடலுக்குப் போக பாஸ், குறித்த நேரம், இயந்திரத்தின் குதிரைவலுவுக்குக்கூட எல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி வலையையும் வள்ளத்தையும் ஒரே காலையில் கொண்டுபோனது. 2020 டிசம்பர் 2இல் புரேவிப் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அதையெல்லாம் தாண்டியவர்கள் சற்றுக் கசப்போடு சொல்வது 2022ஆம் ஆண்டின் கதை. வெளியிணைப்பு இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். அந்த வருடம் பல மாதம் மண்ணெண்ணெய் கிடைக்கவேயில்லை. கிடைக்கத் தொடங்கிய ஆகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. இத்தனை எண்ணெய்த் தாங்கிகளைக் கொண்ட ஊரில் மீனவர் கானோடு வரிசையில் நின்றார்கள். கரைவலை அப்போதும் ஓரளவு தாக்குப்பிடித்தது. அதன் வள்ளம் ஒரு அரைவட்டம் போட்டு வந்தால் போதும், துடுப்பிருந்தால் அதுவும் எண்ணெய் கேட்காது.

மடி கரைக்கு வந்ததும் எல்லாம் வேகமாகிவிடும். மடிக்குள் வெள்ளி துள்ளும். நெத்தலி, சூடை, காரல், நடுவே ஒரு பாரை, பிளாஸ்ரிக் போத்தல்கள், சில நாள் ஆமை. ஆமையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், தூக்கிக் கடலில் விடுவார்கள். பெண்கள் கூடையோடு வருவார்கள், கருவாட்டுக்கு வாங்க. வியாபாரி விலையைச் சொல்வார், சம்மாட்டி தலையசைப்பார், ஐஸ் போட்ட லொறி தம்புள்ளைப் பக்கம் புறப்படும். இழுத்தவர்கள் ஒரு பையில் கறிக்கு மீன் எடுத்துக்கொள்வார்கள். மீன் குறைந்த நாளிலும் அந்தக் கறிமீனை யாரும் மறுப்பதில்லை.

திருகோணமலைக்கு அடிக்கடி புதுத் திட்டம் வரைகிறார்கள். துறைமுகம், தாங்கி, மின்நிலையம், உல்லாச வலயம் எல்லாம் அந்த வரைபடங்களில் நிறம் நிறமாக இருக்கும். உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரை பதிவிலுள்ள ஒவ்வொரு கரைவலைப் பாட்டின் எல்லையையும் அதே வரைபடத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். பதிவேடு திணைக்களத்தில் இருக்கிறது, புதிதாக அளக்கவும் தேவையில்லை. அந்தக் கரைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இழுப்பு நடக்கும்போது கம்பாவை மிதித்துக் கடக்காமல் சுற்றிப் போங்கள், மீன் வேண்டுமானால் மடி ஏறும்வரை காத்திருந்து கரையிலேயே வாங்குங்கள்.