போய் வருகிறேன்

தமிழர் இல்லத்திலிருந்து புறப்படும் விருந்தினர் ‘போகிறேன்’ என்று கூறுவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே கூறுவார். ‘போய் வாருங்கள்’ என்று வீட்டார் விடைகொடுத்த பின்னரே அவர் வாசற்படியைக் கடப்பார். அந்தச் சிறு இடைவெளியில்தான் மறந்துவிட்ட குடை கைக்கு வரும். குழந்தைக்கென எடுத்துவைத்த பலகாரப் பொட்டலம் பைக்குள் நுழையும். சொல்ல மறந்த செய்தியும் சொல்லப்படும். விடைபெறுதல் வெறும் உபசாரம் அன்று. கொடுக்க வேண்டியது ஏதேனும் எஞ்சியுள்ளதா என்று இருசாராரும் பார்த்துக்கொள்ளும் நேரம் அது.

பேராக் மாநிலத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இம்மரபில் சிறிதும் வழுவாதவர். ஆயினும் ஒரு மாலைப்பொழுதில், கணிப்பொறியிடம் மட்டும் அவர் விடைபெறாமல் எழுந்துவிட்டார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் பயின்று, அத்தகைய பள்ளிகளிலேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர் அவர். 1980களில், பள்ளி விடுமுறை நாள்களில் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு லயன் வீடுகளுக்குச் செல்வார். பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டியரைப் பாடச் சொல்லி, அவர்களுடைய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் நாடாக்களில் பதிவு செய்வார். காலப்போக்கில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். பாடியவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். நாடாக்களில் பூஞ்சை படரத் தொடங்கியபோது, பழைய மாணவர் ஒருவர் 63 பாடல்களை விரலி ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்தார். கெட்டுப்போன நாடாக்களை வீட்டார் குப்பையில் சேர்த்தனர்.

விரலி என்று தமிழர் பெயரிட்டழைக்கும் அச்சிறு கருவி, இவ்வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. சிங்கப்பூரைச் சேர்ந்த டிரெக் நிறுவனம் 2000ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில் ‘தம்ப் டிரைவ்’ என்ற பெயரில் அதனை அறிமுகப்படுத்தியது. தொடக்க காலத்தில் விற்பனைக்கு வந்த விரலிகள் 8 மெகாபைட் அளவே கொண்டவை. இரண்டு மூன்று பாடல்களுக்கு மேல் அவற்றில் இடமிராது. இன்றோ, ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறது. அடங்குவது எளிதானது போலவே அழிவதும் எளிதாகிவிட்டது.

அன்று மாலை, புதிதாகக் கிடைத்த நான்கு பாடல்களை ஆசிரியர் அதே விரலியில் சேர்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பேரனின் கார் ஒலித்தது. நகலெடுப்பைக் காட்டிய பட்டையும் திரையிலிருந்து மறைந்தது. வேலை முடிந்தது என்று கருதிய அவர், விரலியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதனைச் செருகியபோது, உள்ளே ஒன்றுமில்லை என்பதுபோல், புதிதாக வடிவமைக்க வேண்டுமா என்று கணிப்பொறி கேட்டது.

நிகழ்ந்தது என்ன? கணிப்பொறியின் நினைவகம் விரைவானது, விரலியோ மெதுவானது. ஆகையால், அனுப்ப வேண்டிய தகவலை நினைவகத்தில் தேக்கி வைத்துக்கொண்டு, பயனரிடம் ‘முடிந்தது’ என்று கூறிவிட்டுப் பின்னர் மெல்ல மெல்ல எழுதும் வழக்கம் பல கணிப்பொறிகளுக்கு உண்டு. திரையில் முடிந்த வேலை, விரலியில் முடிந்திராது.

இதனைத் தோட்டத்துப் பால் நிறுக்கும் கொட்டகையைக் கொண்டு எளிதில் விளக்கலாம். வெட்டுமரத் தொழிலாளி பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டால் மட்டும் போதாது; கிராணியார் தம் ஏட்டில் பெயரையும் எடையையும் எழுதவேண்டும். எழுதாவிடில் அந்தப் பால் எவருடையதும் அன்று. விரலியிலும் அத்தகைய ஏடு ஒன்று உண்டு. எந்தக் கோப்பு எங்குள்ளது, அதன் பெயர் யாது என்பவற்றை அதுவே வைத்திருக்கிறது. அவ்வேட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் வேளையில் விரலியைப் பிடுங்குவது, கிராணியாரின் கையிலிருந்து ஏட்டைப் பறித்துக் கிழிப்பதற்கு ஒப்பாகும். புதிய பாடல்கள் மட்டுமல்ல, பழைய பாடல்களும் முகவரியின்றிப் போகும்.

‘பாதுகாப்பாக அகற்று’ என்னும் கட்டளை செய்வது இதுதான்: தேங்கியுள்ளவற்றை எழுதி முடிக்கிறது, ஏட்டை மூடுகிறது, பிறகு விடைகொடுக்கிறது. ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்று கணிப்பொறி மறுத்தால், ஏதோவொரு மென்பொருள் அதிலுள்ள கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்பது பொருள். திறந்திருப்பவற்றை மூடிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும். அப்போதும் இணங்காவிடில், கணிப்பொறியை முற்றிலும் அணைத்துவிட்டு எடுப்பதே முறை. சுழலும் தட்டு கொண்ட வன்தட்டாயின், சுழற்சி ஓயும்வரை மேலும் சில நொடிகள் பொறுத்திருத்தல் நலம்.

2018ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு முதல், விரைவாக அகற்றுவதற்கேற்ற முறையே இயல்பாக அமைக்கப்பட்டது. அதனைக் கேள்வியுற்றோர் சிலர், இனி விடைபெற வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டனர். தகவலைத் தேக்கி வைக்கும் வழக்கத்தைத்தான் அம்முறை தவிர்க்கிறதேயன்றி, எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்குவதால் வரும் கேட்டை அது தடுப்பதில்லை. ஆசிரியரின் கணிப்பொறியோ அதற்கும் முந்தியது.

நகரத்திலிருந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் பல நாள் முயன்று 57 பாடல்களை மீட்டுத் தந்தார். ஆனால், ஏடு சிதைந்துபோனதால் ஒன்றுக்கும் பெயரில்லை. பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று அவர் பொறுமையாக எழுதி வைத்திருந்த பெயர்களுக்குப் பதிலாக, வெறும் வரிசை எண்களே திரும்பி வந்தன. குரல்கள் மீண்டன, மனிதர்கள் மீளவில்லை.

அதன்பின், பல மாதங்கள் இரவுதோறும் அமர்ந்து ஒவ்வொரு பாடலையும் அவர் செவிமடுத்தார். ஒருவரை இருமலால் அறிந்தார். மற்றொருவரை, இடையே ‘வாத்தியாரய்யா, போதுமா?’ என்று கேட்ட குரலால் அறிந்தார். பின்னணியில் ஒலித்த கோயில் மணியைக் கொண்டு ஒரு தோட்டத்தைக் கண்டுகொண்டார். இவ்வாறு 48 பாடல்களுக்குப் பெயர் கிடைத்தது. எஞ்சிய ஒன்பதுக்குக் கிடைக்கவில்லை.

இப்பொழுது அப்பாடல்களுக்கு மூன்று படிகள் உள்ளன. ஒன்று அவரிடமும், ஒன்று ஜொகூரிலுள்ள மகளிடமும், ஒன்று அந்தப் பழைய மாணவரிடமும் இருக்கின்றன. வாசலில் யார் வந்து அழைத்தாலும், ‘இப்போது அகற்றலாம்’ என்னும் வாசகம் திரையில் தோன்றும்வரை அவர் நாற்காலியைவிட்டு எழுவதில்லை.

கோயில் திருவிழாக்களில் முதிய பெண்மணிகளைக் காண நேர்ந்தால், அந்த ஒன்பது பாடல்களையும் ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, ‘அம்மா, இந்தக் குரல் யாருடையதென்று தெரிகிறதா?’ என்று கேட்கிறார். இதுவரை இருவரின் பெயர் தெரியவந்துள்ளது. இன்னும் ஏழு குரல்கள் காத்திருக்கின்றன.