லீவரின் மூக்கு

"என்னங்க, ஏதோ கருகுற வாசம் வருது" என்று என் மனைவி பின்னாலிருந்து சொன்னபோது வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டியிருந்தோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு ஞாயிறு சாயங்காலம். சிராங்கூன் சாலை நெடுக விளக்கலங்காரம், தேக்காவிலிருந்தே வாகனங்கள் பத்தடி போவதும் நிற்பதுமாக ஊர்ந்துகொண்டிருந்தன. "பக்கத்துல நிக்கிற லாரியோடது" என்றேன்.

லாரியோடது இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரமாக அந்த வாசத்தை நான் அறிவேன். முன்சக்கரத்தின் பிரேக்கிலிருந்து வருகிற வாசம் அது.

சையது ஆல்வி சாலைச் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால், நான் லீவரைத் தொடாமலே முன்சக்கரம் இறுகிப்போனது. மழை பெய்து ஓய்ந்த தரை. மனிதர் நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம். ஆனாலும் வண்டி இடப்பக்கம் சரிந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவள் இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்கு பிழியவில்லை. அச்சை இரண்டு கையாலும்தானே அழுத்த வேண்டும்.

என் வண்டி 200 சிசிக்கு உட்பட்டது, பழையது. சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வண்டியின் விலையைவிட உரிமைச் சான்றிதழின் விலைதான் பெரிய கவலை. பத்தாண்டுக்கு மட்டும் செல்லுகிற அந்தச் சான்றிதழ் 2022-இல் மோட்டார்சைக்கிள்களுக்கு 10,000 வெள்ளியைத் தாண்டியது. அதனால் புதுவண்டி ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, இருக்கிற வண்டியையே அழகுபடுத்தி வைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் நீல நிறத்தில் ஒரு பிரேக் லீவர் வாங்கினேன். மடங்கக்கூடியது, விரலுக்கு வாகானது. நானே மாட்டினேன். பழைய லீவரைத் தமிழ் முரசில் சுற்றி இழுப்பறையில் போட்டேன்.

மாட்டிய அன்றே ஒன்றைக் கவனித்தேன். பழைய லீவரில் நுனியைப் பிடித்து அசைத்தால் சிறிது ஆட்டம் இருக்கும். புதியதில் ஆட்டமே இல்லை, தொட்டவுடன் பிரேக் பிடித்தது. அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வேலையில் நான் செய்த முதல் தவறு அதுதான். மற்றவை எல்லாம் அதன்மேல் அடுக்கியவை.

ஒரு வாரத்தில் வண்டி தள்ளக் கனத்தது. வேலை முடிந்து வந்து நிறுத்தும்போது டிஸ்க்கின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்றது. பிரேக் பேட் ஒட்டிக்கொள்கிறது என்று முடிவுகட்டிப் புதுப் பேட் வாங்கிப் போட்டேன். பழைய பேட் இரண்டையும் திருப்பிக்கூடப் பார்க்காமல் குப்பையில் எறிந்தேன். பார்த்திருக்க வேண்டும். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் நழுவுகிற பின்கள் துருவேறி இறுகினால் ஒரு பேட் தேய்ந்து காகிதமாகும், மற்றது தடிப்பாகவே நிற்கும். இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் பின்களின்மேல் சந்தேகம் பெரிதாக வேண்டியதில்லை.

புதுப் பேட்டுக்கும் குணமாகவில்லை. அடுத்து பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றினேன். பிஸ்டனைச் சுற்றியிருந்த கரியைத் துடைத்தேன், பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவினேன். பிஸ்டனை உள்ளே தள்ளினால் அசையவில்லை. வழக்கமாகக் கட்டைவிரலுக்கே போய்விடும். காற்றெடுக்கிற நிப்பிளைத் திறந்துவிட்டுத் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. பிரச்சினை எங்கே என்று வண்டி எனக்குச் சொன்ன இடம் அது. நான் நிப்பிளை இறுக்கி, காற்றெடுத்து, ஆயிலை நிரப்பிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினேன், தங்குதடையின்றிச் சுற்றியது. ஒவ்வொரு காலையும் சுற்றியது. வருடாந்தரப் பரிசோதனையில் தேறி ஒரு மாதம்கூட ஆகாத வண்டி என்ற தைரியம் வேறு. அந்த லீவர் பரிசோதனைக்குப் பிறகு வந்தது என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

விபத்துக்குப் பிறகு வண்டியை காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்பவர் ஜோகூர்த் தமிழர், அறுபதை நெருங்கியவர். விடியுமுன்னே கிளம்பி உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை மோட்டார்சைக்கிளில் கடந்து வருகிறவர். நான் மாற்றியது, கழற்றியது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"பேட் என்னா தம்பி பண்ணுச்சு, அதப் போயி மாத்தியிருக்கீங்க? காலைல ஆறிப்போன வண்டியச் சுத்திப் பாத்தா என்னா தெரியும்? சூடானாத்தான் நோவு வெளிய வரும்."

பட்டறைக்குப் பின்னாலிருந்த சந்தில் அவரே மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சூடாக்கினார். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுழற்றினால் அசையவில்லை. காலிப்பர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, முனையைப் போத்தலில் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்று திறந்தார். ஆயில் சீறிக்கொண்டு வந்தது. சக்கரம் உடனே விடுபட்டது. "காலிப்பர் நல்லாத்தான் இருக்கு. அழுத்தம் மேல மாட்டிக்கிட்டு நிக்கிது." நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருந்தால் குறை காலிப்பரில். திறந்ததும் விடுபட்டால் ஹோஸிலோ கைப்பிடியில் உள்ள மாஸ்டர் சிலிண்டரிலோ. பத்து வினாடிச் சோதனை அது.

மறுபடியும் சூடாக்கினார். இம்முறை நிப்பிளைத் தொடவில்லை. கைப்பிடியில் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். லீவரின் போல்ட்டைக் கழற்றி லீவரை வெளியே இழுத்தார். டப்பாவின் அடியிலிருந்து ஆயில் சின்ன ஊற்றுப்போல மேலெழுந்து அடங்கியது. கீழே சக்கரம் தானாக அரைச் சுற்று சுற்றியது.

டப்பாவின் அடியில், மாஸ்டர் சிலிண்டருக்குள் இறங்குகிற ஊசித்துளை ஒன்று இருக்கிறது. லீவரைப் பிடிக்கும்போது பிஸ்டன் அதைக் கடந்து போய் மூடும். அதன் பிறகுதான் அழுத்தம் கீழே இறங்கும். விட்டதும் பிஸ்டன் பின்வாங்கித் துளை திறக்கும். சூட்டில் விரிந்த ஆயில் அந்த வழியாக டப்பாவுக்குத் திரும்பும். என் நீல லீவரின் மூக்கு, அதாவது பிஸ்டனைத் தொடுகிற முனை, கொஞ்சம் நீளமாக இருந்தது. வெர்னியரில் அளந்து காட்டினார்: அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். அந்த நீளம் பிஸ்டனை எப்போதும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளியே வைத்திருந்தது, துளை திறக்கவே இல்லை. ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பேட்டை அழுத்தும், பேட் உரசி இன்னும் சூடேற்றும். நெரிசலில் நின்று நின்று போகும்போது இது ஏறிக்கொண்டே போய், கடைசியில் சக்கரத்தைப் பூட்டிவிடும். இரவில் ஆறினால் ஆயில் சுருங்கிவிடும், காலையில் சக்கரம் நன்றாகச் சுற்றும்.

"மூக்க ராவிட்டா சரியாயிடாதாண்ணே?" என்று கேட்டேன். முப்பத்தைந்து வெள்ளி கொடுத்து வாங்கிய சாமான் என்று மனம் அப்போதும் கணக்குப் போட்டது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "வீட்டுல பழசு இருக்கில்ல, எடுத்துட்டு வாங்க" என்றார்.

எடுத்துவந்தேன். பழைய லீவரைப் பூட்டி நுனியில் ஆட்டம் இருக்கிறதா என்று என் விரலாலேயே பார்க்க வைத்தார். வெந்துபோன ஆயிலை முழுதாக வடித்துப் புதிதாக டாட் 4 நிரப்பினார். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது என்பது தர விதி; ஈரம் ஏறியதும் அதே விதி 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆண்டு முழுக்கக் காற்று ஈரமாகவே இருக்கிற ஊர் இது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாமல் இருப்பது நமக்குக் கட்டுபடியாகாது.

அன்று மாலை நெரிசல் நேரமாகப் பார்த்து, தேக்காவிலிருந்து சீனிவாசப் பெருமாள் கோயில்வரை தனியாக ஓட்டினேன். ஓரமாக நிறுத்தி டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தேன். சொட்டு அப்படியே வழிந்தது. வீட்டுக்குப் போனதும் லாரி விஷயத்தை அவளிடம் சொன்னேன். அந்த வாசம் எதிலிருந்து வந்தது என்று எனக்கு அப்போதே தெரியும் என்றேன். "சொல்லியிருந்தா அங்கயே எறங்கி நடந்திருப்போம்ல" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த வாரம் கோயிலுக்குக் கிளம்பினோம். பேருந்தில் போகலாம் என்றேன். அவள் தலைக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இடது விரல்கள் இன்னும் மடங்கவில்லை, வாரைப் பூட்ட முடியாமல் திணறினாள். நான் பூட்டிவிட்டேன்.